நாழிகை மண்டபத்து மாட்டுமணி

வெண்குன்றூர் அரசவையில் அன்று இருந்தவர்களை முதலில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒருவரும் தாம் அங்கே இல்லவே இல்லை என்று சாதிக்கக் கூடாது. அரியணையில் அரசர் பெருநற்கோ வீற்றிருந்தார். அவருக்கு வலப்புறம் புதுப் பட்டு உடுத்தி நின்றவர் நாழிகை மண்டபத்தின் தலைவர் உத்தமநம்பி. அவருக்குப் பின்னால், தத்தம் கால்விரல்களை ஆராய்ந்தபடி, மண்டபத்துக் காவலர் மூவர் நின்றனர்: பூதன், சேந்தன், கொற்றி என்னும் பெண். எதிரே கைகள் கட்டப்பட்டு நின்றவர், வாய்க்கால் நீரை ஊர்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியார் அழிசி. அவர்மீது வழக்குக் கொண்டுவந்த கடைமடை ஊர்க்காரி வெள்ளைச்சி, ஒரு பிடி நெற்கதிருடன் நின்றாள். சாளரத்தின் வழியே சூரியனும் இருந்தான். அன்று அவன்மீதும் குற்றம் சாட்டப்பட்டது என்பதால் அவனையும் சேர்த்துக்கொள்வதே முறை.

இது நெடுங்காலத்துக்கு முன்பு நடந்தது. தலைவர்கள் தவறே செய்யாத காலம் அது. இக்காலத் தலைவர்களும் செய்வதில்லை என்று உங்களில் யாரேனும் சொல்லக்கூடும். அவர்கள் முன்வரிசையில் வந்து அமரலாம்.

அந்நாட்டில் பொழுது என்பது நாழிகை மண்டபத்திலிருந்து புறப்பட்டது. மண்டபத்தில் ஒரு நீர்த்தொட்டி உண்டு. அதில், அடியில் ஊசித்துளையிட்ட செப்பு வட்டில் ஒன்று மிதக்கும். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை முடிந்தது. உடனே காவலர் வெண்கலச் சேகண்டியை ஒருமுறை அடித்து, வட்டிலை எடுத்துக் கவிழ்த்து, மறுபடி மிதக்கவிட வேண்டும். பகலில் முப்பது அடி, இரவில் முப்பது அடி. காலையில் தொடங்கி முதல் இருபது பூதனுடையவை, அடுத்த இருபது சேந்தனுடையவை, விடியும் வரையிலான கடைசி இருபது கொற்றியுடையவை.

அந்த ஓசையைக் கேட்டுக் கடைகள் திறந்தன. அந்த ஓசையைக் கேட்டு உலைகள் ஏறின. அந்த ஓசையைக் கேட்டே வாய்க்காலில் தண்ணீர் முறை மாறியது. விடிந்ததிலிருந்து பத்து அடி வரை மேல்மடை ஊருக்கு, அடுத்த பத்து நடுமடைக்கு, கடைசிப் பத்து கடைமடைக்கு. சூரியன் மறைந்ததும் மதகை அடைத்துவிட வேண்டும் என்பது அரச ஆணை.

உத்தமநம்பி தலைமையேற்ற முதல் மாதத்தில் ஐயாறன் என்ற காவலன் அவரிடம் தானே வந்தான். "ஐயா, தொட்டியடிக் கல்லில் பாசி படிந்திருக்கிறது. வழுக்கி விழுந்துவிட்டேன். எழுந்து பார்ப்பதற்குள் வட்டில் மூழ்கிக் கிடந்தது. ஓர் அடி தவறிவிட்டேன்" என்றான்.

கல், பாசி, வழுக்கல் ஆகிய மூன்றும் தலைவரின் ஒரு செவியில் நுழைந்து மறு செவியில் வெளியேறின. 'தவறிவிட்டேன்' என்பது மட்டும் உள்ளே தங்கிற்று. தவறு செய்தவர் ஒரு மாதம் கழுத்தில் மாட்டுமணி கட்டிக்கொண்டு நடமாட வேண்டும் என்று அன்றைக்கே விதி செய்தார். தெருப்பிள்ளைகள் ஐயாறனுக்குப் புல் நீட்டினார்கள். மாமியார் வீட்டில் அவனுக்குத் தொழுவத்தில் இலை போட்டதாகவும் கேள்வி. ஒன்பதாம் நாள் மணியைக் கழற்றி மண்டபத்து வாசற்படியில் வைத்துவிட்டு அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

அன்றோடு வெண்குன்றூரில் தவறுகள் ஒழிந்தன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு காவலரும் ஒரு தவறையும் வந்து சொல்லவில்லை. ஆகவே தவறே நடக்கவில்லை என்று உத்தமநம்பி முடிவு செய்தார். எவ்வளவு நேர்த்தியான முடிவு! நோயாளிகளை வாயிலிலேயே விரட்டிவிட்டு, ஊரில் நோயே இல்லை என்று சொல்லும் மருத்துவரைப் போன்ற நேர்த்தி. மணியைத் தம் இருக்கைக்கு நேரே ஓர் ஆணியில் மாட்டி, நாள்தோறும் தம் கையாலேயே துடைத்தார். பாசிக் கல்லை ஒருவரும் துடைக்கவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் பிற்பகல், சேந்தன் வட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினான். அதே கல், அதே பாசி. கால் வழுக்கியது, வட்டில் கல்லில் மோதியது, அடிப்புறம் நசுங்கித் துளை சற்றே இறுகிப்போயிற்று. விழுந்தவன் எழுந்ததும் முதலில் பார்த்தது வட்டிலை என்று நினைக்கிறீர்களா? ஆணியில் தொங்கிய மணியைத்தான் பார்த்தான். வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி கட்டிய அண்ணனைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். நசுங்கலை ஒரு கல்லால் தட்டி நிமிர்த்தினான். வட்டில் நிமிர்ந்தது, துளை விரியவில்லை. மிதக்கவிட்டான். வாயை மூடிக்கொண்டான்.

துளை சிறுத்ததால் நீர் மெல்ல ஏறியது. ஒரு நாழிகை ஒன்றேகால் நாழிகையாக நீண்டது.

மறுநாளே பூதன் அதைக் கண்டுகொண்டான். நண்பகலில், பதினைந்தாம் அடியில், முற்றத்து நிழற்கல்லின் கோட்டில் விழவேண்டிய நிழல், அந்த அடி விழும் முன்பே கோட்டைக் கடந்து சாய்ந்துவிட்டது. தலைவரிடம் சொல்லலாம் என்று எழுந்தான்; மணியைப் பார்த்தான்; உட்கார்ந்தான். பிறகு யாரும் பார்க்காதபோது நிழற்கல்லையே சிறிது நகர்த்தி வைத்தான். நிழல் ஒழுங்குக்கு வந்தது.

கொற்றியும் கண்டுகொண்டாள். கிழக்கு வெளுக்கும்போது அறுபது அடி ஆகியிருக்க வேண்டும், நாற்பத்தெட்டுதான் ஆகியிருந்தது. அவளும் எழுந்தாள், மணியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். மறுநாள் முதல் வட்டில் பாதி நிறையும் முன்பே எடுத்து அடித்துக் கணக்கைச் சரிக்கட்டினாள்.

இப்படி மூவருக்கும் தெரியும். மூவரும் மற்ற இருவருக்குத் தெரியாது என்று நம்பினார்கள். தலைவருக்கு ஒன்றுமே தெரியாது; அதனால் அவர் ஒருவரே அயர்ந்து உறங்கினார்.

ஆனால் நெற்பயிருக்குத் தெரிந்தது. மேல்மடைக்கும் நடுமடைக்கும் பத்துப் பத்து அடி நீர் பாய்ந்து முடிவதற்குள் பகலின் பெரும்பகுதி போய்விடும். கடைமடைக்கு நீர் வந்து நான்காம் அடி விழும்போதே சூரியன் மறைவான். ஆணைப்படி அழிசி மதகை அடைப்பார். நெல் பால் பிடிக்கும் பருவம் அது. நிலம் பாளம் பாளமாக வெடித்தது. இன்னும் மூன்று நாள் இப்படியே போனால் கடைமடை முழுவதும் பதர்தான்.

வெள்ளைச்சி மதகடிக்கே போய் நின்றாள். "பத்து அடி நீர் எங்களுக்கு. நான்குதான் வந்தது. மீதி ஆறு எங்கே நீர்க்கட்டியாரே? மேல்மடைக்காரர் வீட்டு நெற்குதிருக்குள் பாய்ந்துவிட்டதா?"

"சேகண்டி சொன்னபடி மதகுப் பலகையை மாற்றினேன், தாயே. சூரியன் போனதும் அடைத்தேன். நடுவில் ஆறு அடியை யார் விழுங்கினார்கள் என்று என்னைக் கேட்டால்?"

"உங்களைத்தான் கேட்பேன். சேகண்டிக்கு விருந்து வைக்க முடியாது, உங்களுக்கு வைக்கலாம்!"

இதுதான் வழக்கு. இது அவைக்கு வந்த நாள், உத்தமநம்பிக்கு 'பிழையிலா நாழிகையர்' என்று பட்டம் சூட்டுவதாக இருந்த நாள். தம் சிறப்பைக் காவலர் மூவரும் கண்டு களிக்கவேண்டும் என்று அவர்களை அழைத்துக்கொண்டு, மண்டபத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வழக்கை முடித்துவிட்டுப் பட்டம் சூட்டலாம் என்றார் அரசர்.

"உத்தமநம்பியாரே, சேகண்டியில் தவறு இருக்குமோ?"

"பன்னிரண்டு ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத தவறு, இன்று என் பட்டத்தைப் பார்க்க வந்துவிடுமா, அரசே?"

"அப்படியானால் இருபத்துநான்காம் அடியிலேயே சூரியன் மறைகிறானே, அது எப்படி?"

உத்தமநம்பி மேலாடையைச் சரிசெய்துகொண்டார். "சூரியன் அவசரப்படுகிறான்."

அவையில் எல்லோரும் சாளரத்தைப் பார்த்தார்கள்.

"அவன் கழுத்திலும் ஒரு மணி கட்டிவிடுங்களேன்" என்றாள் வெள்ளைச்சி. "நிதானமாகப் போவான்."

அரசர் காவலர் பக்கம் திரும்பினார். பூதனைக் கேட்டார்: "தவறு ஏதேனும் உண்டா?" பூதன் "இல்லை" என்றான். கொற்றியைக் கேட்டார். கொற்றி "இல்லை" என்றாள். சேந்தனைக் கேட்டார். உத்தமநம்பி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். "இல்லை" என்றான் சேந்தன்.

நால்வர் சொல்லுக்கு எதிரே ஒருவர் சொல். அழிசி அன்று மாலைக்குள் நாட்டெல்லையைக் கடந்து போய்விட வேண்டும் என்று அரசர் தீர்ப்பளித்தார்.

அழிசி அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. இடுப்பில் செருகியிருந்த மதகுத் திறவுகோலை எடுத்துக் கொடுக்க முயன்றார். கட்டிய கைகளால் முடியவில்லை. எதிரே நின்ற சேந்தன் முன்வந்து, குனிந்து அதை எடுத்தான். முப்பது ஆண்டுகள் தண்ணீரில் ஊறி வெடித்த அந்த விரல்கள் அவன் கையில் உரசின.

"நல்லது தம்பி. நீ நன்றாயிரு" என்றார் அழிசி.

திட்டியிருந்தால் சேந்தன் தாங்கியிருப்பான். அவன் திறவுகோலை அரசரின் காலடியில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக நழுவினான்.

பட்டம் சூட்டும் தட்டு வந்தது. உத்தமநம்பி தலையைச் சரியான அளவுக்குத் தாழ்த்தினார்; பணிவு தெரியவேண்டும், சூட்டப்போகும் மகுடத்து மணிகளும் தெரியவேண்டும், அப்படி ஓர் அளவு. அப்போது வாசலில் மணியோசை கேட்டது. மாடு ஒன்று நுழைந்துவிட்டது என்று எண்ணி அரசர்கூடக் கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

வந்தவன் சேந்தன். கழுத்தில் அந்த மணி. கையில் அந்த வட்டில். பூட்டிய மண்டபத்தின் சாளரம் வழியே நுழைந்து வந்ததில் தலையெல்லாம் ஒட்டடை.

"அரசே, வட்டிலைக் கீழே போட்டவன் நான். துளை இறுகிவிட்டது. சேகண்டி இருபது நாளாகத் தாமதம். மணியை நானே கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? நீர்க்கட்டியாரை அவிழ்த்துவிடுங்கள்."

"பொய்!" என்றார் உத்தமநம்பி. தம் மண்டபத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது என்பதைவிட, ஒரு பொய்யன் இருக்கிறான் என்பது அவருக்கு எளிதாக இருந்தது.

அரசர் ஓர் அகன்ற அண்டாவில் நீர் நிரப்பச் சொன்னார். அரண்மனைப் பூசையறையில் விழா நாட்களுக்கு மட்டும் எடுக்கும் வட்டில் ஒன்று, அதே அளவில், உண்டு. இரண்டையும் ஒருசேர மிதக்கவிட்டார்கள். ஒரு நாழிகை நேரம் ஓர் அரசும் அதன் அவையும் இரண்டு செப்புப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பூசையறை வட்டில் மூழ்கிற்று. மண்டபத்து வட்டில், எந்த அவசரமும் இன்றி, மிதந்துகொண்டிருந்தது.

சூரியன் விடுதலை பெற்றான். அழிசியின் கட்டும் அவிழ்ந்தது.

பூதன் தொண்டையைக் கனைத்தான். "சேந்தா, உன் மாதம் முடிந்ததும் அந்த மணியை எனக்குக் கொடு. நிழற்கல்லை நகர்த்தியவன் நான்."

"அவருக்கு அடுத்த மாதம் எனக்கு" என்றாள் கொற்றி. "விடியற்காலையில் அரைகுறை நாழிகைகளை அடித்தது நான். நாட்டில் ஒரே மணிதானா இருக்கிறது?"

வெள்ளைச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு கையிலிருந்த கதிரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அழிசியின் பக்கம் திரும்பி, "நெற்குதிர் பற்றிச் சொன்னதை மறந்துவிடுங்கள், நீர்க்கட்டியாரே" என்றாள்.

"மறக்கமாட்டேன் தாயே. நன்றாகத்தான் சொன்னீர்கள்" என்றார் அவர், மணிக்கட்டைத் தேய்த்தபடி.

அரசர் மூன்று கேள்விகள் கேட்டார். "என்ன நடந்தது?" சேந்தன் சொன்னான். "எப்படி நடந்தது?" தொட்டியடிக் கல்லில் பாசி என்றான். "நானும் அதில் வழுக்கியிருக்கிறேன்" என்றான் பூதன். "நான் இரண்டுமுறை" என்றாள் கொற்றி. "இனி நடக்காதிருக்க என்ன செய்யவேண்டும்?" கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால் போதும் என்றார் அழிசி, தண்ணீரோரக் கல்லை அவரைவிட அறிந்தவர் யார்? ஓர் உளி, அரைநாள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

"கல்லைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்றார் உத்தமநம்பி.

"ஐயாறன் சொன்னார் ஐயா" என்றாள் கொற்றி. "அதற்குத்தானே மணி."

அரசர் அரியணையிலிருந்து இறங்கினார். "என் தவறையும் கேட்டுக்கொள்ளுங்கள். நால்வர் சொன்னதைக் கேட்டேன். வட்டிலைக் கொண்டுவரச் சொல்லவில்லை. குற்றமற்ற ஒருவரை எல்லைக்கு அனுப்ப இருந்தேன். இனி இந்த அவையில் பொருளைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்பில்லை." சொல்லி முடிக்க நான்கு மூச்சு ஆயிற்று. வானம் இடிந்து விழவில்லை. அரண்மனைத் தூண்கள்கூட அசையவில்லை.

பிறகு மளமளவென்று ஆணைகள் வந்தன. மூன்று நாட்களுக்கு முழு வாய்க்காலும் கடைமடைக்கே. சேந்தன் வழுக்கியதற்குத் தண்டனை இல்லை. இருபது நாள் வாய்மூடி இருந்ததற்கு அந்த மூன்று நாளும் அழிசியோடு வாய்க்காலில் இறங்கி மண்வெட்டி பிடிக்கவேண்டும். ஐயாறன் எந்த ஊரில் இருந்தாலும் தேடி அழைத்துவர வேண்டும்.

"மணி?" என்று கேட்டான் சேந்தன். அது இன்னும் அவன் கழுத்தில் இருந்தது.

"தலைவர் கழுத்துக்கு அளவாக இருக்கும்" என்றாள் வெள்ளைச்சி.

"கட்டினால் நாளைமுதல் அவரும் மறைப்பார்" என்றார் அரசர். "அது மண்டபத்து வாசலில் தொங்கட்டும். தவறைக் கண்டவர், செய்தவர், யாராயினும் அதை அடிக்கட்டும். ஓசை கேட்டதும் எல்லோரும் ஓடிவந்து, நான் கேட்ட மூன்றையும் கேட்கட்டும்."

அவர் தம் கையாலேயே மணியைச் சேந்தன் கழுத்திலிருந்து கழற்றி, உத்தமநம்பியிடம் நீட்டினார். "தலைமை உம்மிடமே இருக்கட்டும். உம்மைவிட நாழிகைக் கணக்கு அறிந்தவர் நாட்டில் இல்லை. ஒன்றே ஒன்று செய்யும். முதல் ஓசை உம்முடையதாக இருக்கட்டும். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நீர் செய்த தவறு ஒன்றைச் சொல்லி, அடியும்."

உத்தமநம்பி மணியை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் யோசித்தார். "இவர்களை நம்பினேன், அரசே. அதுவே என் தவறு."

"அது இவர்களுடைய தவறின் பட்டியல். உம்முடையது?"

மறுபடி யோசித்தார். "நாட்டின் நன்மையைக் கருதி அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருந்துவிட்டேன்."

"இது தவறா, இல்லை பட்டத்துக்கு மனுவா?" என்றாள் வெள்ளைச்சி.

அரசர் இரக்கப்பட்டார். கைதூக்கிவிடப் பார்த்தார். "உத்தமநம்பியாரே, இப்போது எத்தனை நாழிகை?"

யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து சேகண்டி ஒலிக்கவே இல்லை. மண்டபம் பூட்டிக் கிடந்தது; பூட்டியவர் அவர்; சாவி அவருடைய இடுப்பிலேயே இருந்தது. பூதன் அதைப் பார்த்தான். கொற்றி பார்த்தாள். சேந்தனும் பார்த்தான், அந்த ஒரு கணம், 'சொல்லிவிடுங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்' என்று அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் அவனுக்கு இருந்தது.

உத்தமநம்பி மூன்றாம் முறையாக வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று காத்திருக்காதீர்கள்; அதற்குள் கதையின் நீதியைச் சொல்லிவிடுவது நல்லது. தவறைச் சொல்ல வந்தவரைத் தண்டிக்கும் தலைவருக்குத் தவறுகள் குறைவதில்லை, அவற்றிலிருந்து கற்கும் வாய்ப்புத்தான் அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் இல்லாமல் போகிறது.

அவர் வாயை மூடினார். மணியின் நாக்கை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்து, ஓசை எழாதபடி அதைத் தரையில் வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதனருகே வைத்தார். பிறகு பட்டாடை சரசரக்க அவையின் நடுவே நடந்து, சேந்தனைக் கடந்து, வாசலைத் தாண்டி வெளியே போனார்.